பாட்டரி வாங்குமுன் உள்ளே இருப்பதைக் கேளுங்கள்

சங்கத்துக்கு வரும் அன்பர்கள் பலர் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள்தாம். மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா? இன்வர்ட்டருக்கு லித்தியம் பாட்டரி போடலாமா? ரயில் பெட்டிகளின் விளக்கு, விசிறிப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாட்டரிகளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். வாங்கலாம். ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதற்கு முன், உள்ளே இருப்பது என்ன ரசாயனம் என்று கேளுங்கள். இதுதான் என் பதில்.

எங்கள் காலத்து பாட்டரி ஈய அமில பாட்டரி. 56 செல்களை வரிசையாக இணைத்தால் 110 வோல்ட். காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவதும், ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியைப் பார்ப்பதும் அன்றாட வேலை. சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜனுக்கு அஞ்ச வேண்டும். உள்ளே இருக்கும் திரவம் நீர் கலந்த கந்தக அமிலம், அது எரியாது.

லித்தியம் செல்லுக்குள் நீர் இருக்கவே கூடாது. ஒரு செல்லே 3 வோல்ட்டுக்கு மேல் தருவது. அந்த வோல்ட்டில் நீர் பிரிந்துவிடும். ஆகவே இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே கார்பனேட் வகைக் கரைப்பான்களில் லித்திய உப்பைக் கரைத்து வைக்கிறார்கள். இவை தீப்பற்றக்கூடியவை. அபாயத்தின் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

இந்தத் திரவத்தைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. எதிர்முனைக்கு கிராஃபைட் நல்ல பொருள் என்று தெரிந்தும், புரொப்பிலீன் கார்பனேட் அதன் அடுக்குகளுக்குள் புகுந்து உரித்துவிட்டது. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம் அயனி பாட்டரியில் கிராஃபைட் இல்லை, வேறு வகைக் கரிதான் இருந்தது. அதன் உறவுக்காரரான எதிலீன் கார்பனேட்டோ முதல் சார்ஜிலேயே கொஞ்சம் சிதைந்து, கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. பால் மேல் ஆடை படிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்திய அயனியை உள்ளே விடும், திரவத்தை விடாது. பாட்டரியின் ஆயுள் பெரும்பாலும் இந்தப் படலத்தின் கையில். ஆனால் எதிலீன் கார்பனேட் 36 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். டில்லி மே மாதத்தில் தானே உருகிவிடும், ஜனவரியில் என்ன செய்வது? அதனால்தான் வேறு கரைப்பான்களோடு கலக்கிறார்கள். கடும் வெயிலோ இந்தப் படலத்தைச் சீக்கிரம் கெடுக்கிறது. வட இந்தியக் கோடையில் பாட்டரி விரைவில் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அபாயத்தின் மறு பாதி நேர்முனையில். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடைத் தந்தார்கள். கைபேசிகள் அதனால்தான் சிறுத்தன. ஆனால் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பொருள் ஆக்ஸிஜனை வெளிவிடும். எரியும் திரவமும் ஆக்ஸிஜனும் ஒரே டப்பாவுக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகையிலும் இந்தக் குணம் உண்டு.

இதற்கு மாற்று வந்த கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் குட்இனஃப்புடன் சேர்ந்து சல்பேட் போன்ற தொகுதிகள் கொண்ட இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தார். அந்த வழியில்தான் 1997இல் டெக்சாஸிலிருந்து லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. இதில் பாஸ்பரஸ் ஆக்ஸிஜனை இறுகப் பிடித்திருப்பதால் சூட்டிலும் எளிதில் விடாது. மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாத பொருள் இது. துகளைப் பொடியாக்கிக் கரிப்பூச்சு கொடுத்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள். 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயது குட்இனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவர் மந்திரம்தான்.

அடுத்து வருவது சோடியம். லித்தியத்துக்கு நம் நாடு பெரிதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. சோடியமோ சாம்பர் ஏரியிலும் தூத்துக்குடி உப்பளத்திலும் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அதன் அயனி பெரியது. கிராஃபைட்டுக்குள் சரியாக நுழையாது. ஆகவே கடினக் கார்பன் என்ற ஒழுங்கற்ற கரியைப் பயன்படுத்துகிறார்கள். எதிர்முனையில் செப்புத் தகட்டுக்குப் பதில் மலிவான அலுமினியம் போதும். 2021இல் சீனாவின் சி.ஏ.டி.எல். நிறுவனம் கிலோவுக்கு 160 வாட்-மணி தரும் சோடியம் செல்லை அறிவித்தது. எடை கொஞ்சம் கூடினாலும், ஓரிடத்தில் நிற்கும் வீட்டு பாட்டரிக்கு அது பெரிய குறை அல்ல.

2022இல் பல ஊர்களில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்து உயிர்களும் போயின. அந்த ஆண்டு இறுதியிலிருந்து பாட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. ஆனாலும் வீட்டில் கவனிக்க வேண்டியவர்கள் நாம்தான். கடைக்காரரிடம் "எல்.எஃப்.பி.யா, என்.எம்.சி.யா?" என்று கேளுங்கள். எல்.எஃப்.பி. என்பது மேலே சொன்ன இரும்பு பாஸ்பேட். எடை கூடினாலும் வீட்டுக்கு அதையே நான் சொல்வேன். பழைய இன்வர்ட்டரில் லித்தியம் பாட்டரி போடுவதானால், அதன் சார்ஜர் லித்தியத்துக்கு ஏற்றதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெயிலில் ஓட்டி வந்த ஸ்கூட்டரை ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். உப்பிய பாட்டரியைத் தொடர்ந்து உபயோகிக்க வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படிக்கு அடியிலோ, வாசற்கதவை ஒட்டியோ இரவு முழுவதும் சார்ஜில் விட்டுத் தூங்காதீர்கள். ஏதாவது நேர்ந்தால் குழந்தைகளோடு வெளியேற இருக்கும் வழி அது ஒன்றுதான்.