அறுத்துப் பழகும் ரோபோ

மானிட்டரைப் பூட்டுகிற ரோபோ கண்ணை மூடிக்கொண்டுகூட வேலையை முடித்துவிடும். எந்தப் பாகம் எங்கே வந்து நிற்கும் என்பது மில்லிமீட்டர் சுத்தமாக முன்பே முடிவான சங்கதி. அதே மானிட்டர் பழசாகிக் குப்பைக்கு வரும்போது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்றே தெரியாது. ஒரு ஸ்க்ரூ ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். இன்னொன்று துருவேறித் திருப்புளிக்கு அசையாது. மூடியைப் பிடித்திருக்கும் கொக்கிகள் வெளியே தெரியவே தெரியாது. மொத்தமாக நொறுக்கிவிடலாம் என்றால், பழைய எல்சிடி திரைகளின் பின்விளக்குக் குழல்களில் பாதரசம் இருக்கிறது.

சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சுபச்சாய் வொங்புன்யோங், சாமி காரா, மாரிஸ் பக்னுக்கோ ஆகியோர் இப்படிப்பட்ட பழைய எல்சிடி மானிட்டர்களைப் பிரிக்கவென்றே ஒரு ரோபோவை உருவாக்கினார்கள். அதற்குக் கண்கள் இரண்டு விதம். வண்ணக் கேமரா, தெரிவது சர்க்யூட் போர்டா, இரும்பு மூடியா என்று பிரித்தறிய. வீடியோ கேமுக்காகச் சந்தைக்கு வந்த கைனெக்ட், அது எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அளக்க.

கையில் இருப்பது திருப்புளி அல்ல, ஆங்கிள் கிரைண்டர்! ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாமல் மூடியின் ஓரத்தை அறுத்துவிடுகிறது. பிறகு மானிட்டரைப் பிடித்திருக்கும் மேஜை கவிழும். விடுபட்ட பாகம் கீழே விழும். மேஜை நிமிர்ந்ததும் கேமரா மறுபடி பார்க்கிறது. மூடி போய்விட்டதா? போகவில்லை என்றால் இன்னும் ஆழமாக அறுத்துப் பார்க்கும். எதுவும் பலிக்காவிட்டால் ஆளைக் கூப்பிடும். அவர் எங்கே அறுக்கச் சொன்னார் என்பது அந்த மாடலின் கணக்கில் பதிவாகிவிடும். அடுத்த முறை அதே மாடல் வந்தால் பெரும்பாலும் ஆளைத் தேடாது. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான் என்பேன்.

2018இல் ஆப்பிள் காட்டிய டெய்சி என்ற ரோபோ வேறு ரகம். மணிக்கு 200 ஐபோன் வரை பிரிக்கும். பசை போட்டு ஒட்டிய பேட்டரியைக் கடுங்குளிர்க் காற்றால் உறையவைத்துப் பெயர்க்கும். அசுர வேகம்தான். ஆனால் அன்று அதற்குத் தெரிந்தது 9 மாடல், அதுவும் சொந்தக் கம்பெனிச் சரக்கு. கலந்துகட்டி வரும் குப்பைக்கு அது உதவாது.

சிட்னி ரோபோவிலும் குறை உண்டு. அறுபட்ட பாகத்தை உலோகத்துக்காக உருக்கலாமே தவிர, திரும்பப் பொருத்த முடியாது. மின்சாரக் கார் பேட்டரியில் அறுக்கும் பேச்சுக்கே இடமில்லை. கிரைண்டர் செல்லில் பட்டால் தீப்பிடிக்கும். அங்கே ஸ்க்ரூவைக் கழற்றித்தான் ஆகவேண்டும். அதனால், அழுக்கும் துருவும் படிந்த ஸ்க்ரூத் தலைகளின் படங்களைக் காட்டி நியூரல் நெட்வொர்க்குகளைப் பழக்குகிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள்.