புதிய கைபேசியில் முதலில் எதை ஏற்றுவது? இலவசச் செயலிகளைத் தெரிவுசெய்ய ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோ சகோதரமோ அனுப்பியதாக இருக்கலாம். தவணைக் கட்டணத்தில் கடையில் எடுத்ததாகவும் இருக்கலாம். புதிய ஸ்மார்ட் கைபேசி ஒன்று வீட்டுக்கு வந்தால், கடைக்காரரோ பக்கத்து வீட்டுப் பெடியனோ வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப், இரண்டு விளையாட்டுகள் என்று வரிசையாக ஏற்றித் தந்துவிடுவார். அதற்கு மேல் அந்தக் கைபேசியில் என்ன இருக்கிறது, அது எதை யாருக்கு அனுப்புகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எங்கள் மக்களுக்கு இது சிறிய விடயம் அல்ல. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்பப் படங்கள் என எல்லாவற்றையும் இடப்பெயர்வுகளில் இழந்து, அவற்றின் பிரதிகளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய குடும்பங்கள் ஏராளம். காணாமல் ஆக்கப்பட்டவரின் எஞ்சியிருக்கும் ஒரே படத்தைக் கைபேசியில் வைத்திருப்பவர்களும் உண்டு. ஆகவே ஒரு செயலியை ஏற்றுமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது எனக்கு எதைப் பாதுகாத்துத் தருகிறது? பதிலுக்கு என்னிடமிருந்து எதை எடுக்கிறது?

இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலானோர் வைத்திருக்கும் அன்ரொயிட் கைபேசிகளுக்கானவை.

இலவசம் என்றால் யார் பணம் கொடுக்கிறார்கள்?

இலவசச் செயலிகள் பலவற்றின் வருமானம் விளம்பரத்திலிருந்து வருகிறது. விளம்பரதாரருக்குத் தேவை உங்களைப் பற்றிய தகவல். டோர்ச் வெளிச்சம் தருவதற்காகக் கோடிக்கணக்கானோர் ஏற்றிய ஒரு செயலி, அவர்கள் இருக்கும் இடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிவந்தது. 2013 இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுத்தபோதுதான் விடயம் வெளியே வந்தது. ஆவணங்களைப் படம் பிடிக்கும் காம்ஸ்கேனர் செயலியின் ஒரு பதிப்பில் தீங்கான மென்பொருள் கலந்திருப்பதை 2019 இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அப்போது அது 10 கோடிக்கு மேற்பட்ட தடவைகள் தரவிறக்கப்பட்டிருந்தது. ஆகவே பலர் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் ஒரு செயலிக்கு நற்சான்றிதழ் ஆகாது.

செயலி கேட்கும் அனுமதியைப் பார்ப்பதே எளிய சோதனை. வரைபடம் உங்கள் இருப்பிடத்தைக் கேட்பது நியாயம். டோர்ச்சோ நாட்காட்டியோ உங்கள் தொடர்பு இலக்கங்களையும் ஒலிவாங்கியையும் கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தால் வேலை செய்யாது என்று அது அடம்பிடித்தால் அழித்துவிடுங்கள். அனுமதி கொடுக்கும்போதும் "பயன்படுத்தும்போது மட்டும்" என்ற தெரிவு இருந்தால் அதையே அழுத்துங்கள்.

முதல் வேலை: கூகுள் கணக்கு உங்களுடையதா?

கடையில் வாங்கும்போது கைபேசியை இயக்கித் தருவதற்காகக் கடைக்காரரே ஒரு கூகுள் கணக்கைத் திறந்துவிடுவது வழக்கம். அதன் கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். சில வேளை அவருக்கும் மறந்திருக்கும். கைபேசி தண்ணீரில் விழுந்தாலோ களவு போனாலோ, அந்தக் கணக்கில் சேமித்த எதையும் உங்களால் மீட்க முடியாமல் போகலாம். உங்கள் பெயரில் புதிய கணக்கைத் திறந்து, மீட்பு இலக்கமாக உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். பழைய கணக்கைக் கைபேசியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

ஆவணங்களும் படங்களும்

ஒரு கூகுள் கணக்குக்கு 15 ஜிபி இடம் இலவசம். மின்னஞ்சல், கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். வீடியோக்களால் அதை நிரப்பாதீர்கள். டிரைவ் செயலியில் உள்ள கமரா அடையாளத்தை அழுத்தினால் ஆவணத்தை நேராகப் படம் பிடித்துக் கோப்பாகச் சேமிக்கும். இதற்கென்று வேறு செயலி தேவையில்லை.

அடையாள அட்டை, பிறப்பு, திருமண, மரணச் சான்றிதழ்கள், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், பாடசாலைச் சான்றிதழ்கள், வைத்தியசாலைக் குறிப்புகள், காணாமல் ஆக்கப்பட்டவர் தொடர்பாகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் என்பவற்றை ஒரே நாளில் இருந்து படம் பிடித்துவிடுங்கள். கைபேசியில் இருக்கும் பிரதி சட்டப்படி மூல ஆவணம் ஆகாது. ஆனால் மூலம் தொலைந்தால், பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருப்பது பிரதேச செயலகத்திலோ காணிப் பதிவகத்திலோ புதிய பிரதி எடுப்பதைப் பெரிதும் இலகுவாக்கும். நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் ஒரு தொகுதியைக் கொடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

பேசுவதற்கு

வட்ஸ்அப் இல்லாமல் புலம்பெயர் உறவுகளுடன் பேச முடியாது. அதில் அனுப்பும் செய்திகள் 2016 முதல் முழுமையாக மறைகுறியாக்கப்படுகின்றன. இடையில் எவராலும் வாசிக்க முடியாது. ஆனால் அந்தச் செய்திகளின் சேமிப்புப் பிரதி கூகுள் கணக்குக்குப் போகும்போது, அமைப்புகளில் நீங்கள் தனியாகக் கேட்டால்தான் அதுவும் மறைகுறியாக்கப்படும்.

இன்னொரு வேலையையும் மறக்க வேண்டாம். வட்ஸ்அப் அமைப்புகளில் "இரு படிச் சரிபார்ப்பு" என்பதை இயக்கி, ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றை வையுங்கள். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைத் தந்திரமாகக் கேட்டு வாங்கிக் கணக்கைப் பறிப்பவர்கள், அடுத்த நிமிடமே உங்கள் பெயரில் உறவினர்களிடம் அவசரமாகப் பணம் கேட்கிறார்கள். லண்டனில் இருக்கும் தம்பி அது அக்காதான் என்று நம்பி அனுப்பிவிடுவார். அந்தக் குறியீட்டை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

இலாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்தும் சிக்னல் செயலியையும் ஏற்றி வைப்பது நல்லது. அதில் விளம்பரம் இல்லை. குறித்த நேரத்தின் பின் செய்திகள் தாமாகவே அழியும்படி செய்யலாம். இந்த நாட்டில் 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. ஒரே ஒரு வழியை மட்டும் நம்பியிருந்தால் அந்த நேரத்தில் திண்டாட வேண்டியிருக்கும். முக்கியமான இலக்கங்களைக் கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

எந்தச் செயலியும் திறந்து கிடக்கும் கைபேசியைக் காப்பாற்றாது. திரைப் பூட்டு கட்டாயம்.

மொழி

கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழும் சிங்களமும் உண்டு. சிங்களத்தில் வரும் குறுஞ்செய்தியை நகலெடுத்து ஒட்டினால் பொருள் விளங்கும். ஆனால் அதை நம்பி எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். ஒரு சொல் மாறினாலே பொருள் மாறிவிடும். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. தமிழில் தரும்படி கேட்பது உங்கள் உரிமை.

தமிழில் எழுத ஜிபோர்ட் அல்லது செல்லினம் விசைப்பலகை போதும். எழுதச் சிரமப்படும் முதியவர்கள் ஜிபோர்ட்டின் ஒலிவாங்கியை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுதிவிடும். பேச்சுத் தமிழில் சில இடங்களில் தடுமாறும். நிறுத்தி நிதானமாகப் பேசினால் சரியாக வரும்.

கண்ணுக்கும் காதுக்கும்

ஷெல் வீச்சில் செவிப்புலன் இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். கூகுளின் "லைவ் டிரான்ஸ்கிரைப்" என்ற இலவசச் செயலி, எதிரில் இருப்பவர் தமிழில் பேசுவதை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டும். வைத்தியரிடமோ அலுவலகத்திலோ பேசும்போது இது பேருதவி. பார்வை இழந்தவர்களுக்கு, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் "டோக்பக்" வசதி அன்ரொயிட் கைபேசிகளிலேயே உண்டு. அமைப்புகளில் இயக்கினால் போதும்.

ஏற்றக் கூடாதவை

முதலாவது, பிளே ஸ்டோருக்கு வெளியே வட்ஸ்அப் குழுக்களில் இணைப்பாக வரும் செயலிகள். அஸ்வெசும கொடுப்பனவு, வெளிநாட்டு வேலை, பரிசு என்று எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அழுத்த வேண்டாம். இரண்டாவது, ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்பவை. நுண்கடனில் ஏற்கெனவே நொந்துபோன பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் இவற்றிலும் சிக்கக்கூடும். தவணை பிந்தினால், கைபேசியில் உள்ள உறவினர்களின் இலக்கங்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்துவது இத்தகைய செயலிகள் பல நாடுகளில் செய்துவந்த வேலை. அதனால்தான் கடன் செயலிகள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று 2023 இல் கூகுள் விதி கொண்டுவந்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே வருபவற்றை அந்த விதியும் கட்டுப்படுத்தாது.

வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லை வங்கி ஊழியர் என்று சொல்பவருக்கும் கொடுக்க வேண்டாம். கணக்கு பறிபோனால் அல்லது படத்தை வைத்து மிரட்டினால், இலங்கை சேர்ட் எனப்படும் அரச இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்கு அறிவியுங்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டாலும், இன்று மூன்றைச் செய்துவிடுங்கள்: கூகுள் கணக்கு யாருடையது என்று பாருங்கள், திரைப் பூட்டைப் போடுங்கள், காணி உறுதியையும் அடையாள அட்டையையும் படம் பிடித்து வையுங்கள். விளையாட்டுகளை நாளைக்கும் ஏற்றலாம்.