பழைய சாமான்களும் புதிய பயனும்: வாங்கும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்



கடையில் சரக்கு இருந்தும் கேட்ட நேரத்தில் கைக்கு அகப்படாவிட்டால், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே சரக்கை ஒழுங்காக அடுக்கி வைப்பதும் வியாபாரத்தில் ஒரு பகுதியே. அதற்கு வேண்டிய தட்டு, பெட்டி, டப்பா எல்லாவற்றையும் புதிதாகவே வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய சாமான்களைச் சற்று மாற்றி அமைத்தாலே கடைக்கும் வீட்டுக்கும் நன்கு உழைக்கும். ஆனால் எதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

இந்த வகையில் நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. இராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, குழிபிறை முதலிய ஊர்கள் செட்டிநாட்டைச் சேர்ந்தவை. பர்மா, மலேயா, இலங்கை வாணிபத்தில் பொருளீட்டிய நகரத்தார் அங்கே பர்மாத் தேக்கு கொண்டு பெரிய வீடுகளைக் கட்டினார்கள். பின்னாளில் பிரிக்கப்பட்ட வீடுகளின் மரச் சாமான்களும் பாத்திரங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. வெளியூரார் அவற்றை அழகுக்காக வாங்குகிறார்கள். நாம் பயனைப் பார்த்து வாங்கலாம்.

மர அஞ்சறைப் பெட்டி ஒன்று இருந்தால் ஊக்கு, ஊசி, நூல்கண்டு, பேட்டரி போன்ற சில்லறைச் சாமான்கள் சிதறாமல் இருக்கும். பழைய கதவுப் பலகை நல்ல தட்டாகும். கிட்டங்கி வைத்திருக்கும் எங்களிடம் 15 கிலோ எண்ணெய் டின்கள் காலியாகச் சேருகின்றன. அவற்றை இரும்புக் கடைக்குப் போடுமுன் சிலவற்றை எடுத்து வைக்கலாம். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மேல் தகட்டை வெட்டி, கை கிழிக்காதபடி ஓரத்தை உள்ளே மடித்துத் தட்ட வேண்டும். பிறகு படுக்கவைத்து மரச் சட்டத்தில் அடுக்கினால் புறாக்கூண்டு போல அறைகள் கிடைக்கும். சோப்பு, தீப்பெட்டி, ஊதுபத்தி, மெழுகுவத்தி ஆகியவற்றுக்கு இது ஏற்றது.

இனி, எந்தப் பழைய சாமானை எடுத்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதலாவது, முன்பு அதில் என்ன இருந்தது? இதுவே தலையாய கேள்வி. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. பூச்சிமருந்து இருந்த கலனில் எண்ணெயை வைத்திருந்ததாக அதிகாரிகள் கூறினார்கள். எனவே மருந்து, உரம், பெயின்ட் இருந்த டின்னையும் சாக்கையும் எத்தனை முறை கழுவினாலும் உணவுப் பொருளுக்கு எடுக்கக் கூடாது. என்ன இருந்தது என்று தெரியாத கலனையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். பூச்சிமருந்து டப்பாவை வேறு எந்த உபயோகத்துக்கும் வைத்துக்கொள்ளாமல் ஒழித்துவிட வேண்டும். எண்ணெய் டின்னுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒருமுறை பயன்படுத்திய தகர, பிளாஸ்டிக் கலன்களில் மீண்டும் சமையல் எண்ணெய் அடைத்து விற்பதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிமுறைகள் தடை செய்கின்றன. மடிப்பில் தங்கிய எண்ணெய் காறிப்போய், அந்த வாடை புதுச் சரக்கில் ஏறும் என்பது நாம் அறிந்ததே.

இரண்டாவது, அது எதனால் ஆனது, மேலே என்ன பூசப்பட்டிருக்கிறது? உப்பும் புளியும் தகரத்தை அரிக்கும். அவற்றுக்குப் பீங்கான் சாடியே சரி. ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புப் பொருளை வைக்கக் கூடாது. பூச்சு உதிர்ந்த பீங்கான் தூக்குகளைப் பேனா, ரசீது, கத்தரிக்கோல் வைக்க ஒதுக்கலாம். பழைய பெயின்டில் காரீயம் மிகுந்திருக்கலாம். வீட்டு உபயோகப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வர்ணம் பூசிய மரத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பினால், அது குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு.

மூன்றாவது, மரத்தில் உளு இருக்கிறதா? தட்டிப் பார்த்தால் சிறு துளைகளிலிருந்து மாவு போல் உதிரும். அத்தகைய மரத்தைக் கடைக்குள் கொண்டுவந்தால், இருக்கும் தட்டுகளுக்கும் அது பரவக்கூடும். சுவரோடு ஒட்டாமலும் தரையில் படாமலும் தட்டை நிறுத்தினால் ஈரமும் கரையானும் எளிதில் அண்டா. கூட்டிப் பெருக்கவும், எலி நடமாட்டத்தைக் கவனிக்கவும் வசதியாக இருக்கும்.

நான்காவது, அது அளவைப் பாத்திரமா? பித்தளைப் படியும் மரக்காலும் பார்க்க அழகுதான். ஆனால் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகள் வந்த பிறகு அவற்றுக்கு வியாபாரத்தில் இடமில்லை. தரமற்ற அளவையைப் பயன்படுத்துவது மட்டுமன்றி, பயன்படுத்துவதற்காக வைத்திருப்பதும் 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி குற்றமாகும். படியை வீட்டில் கரண்டிகள் செருகி வைக்க எடுத்துக்கொள்ளலாம். கடையில் தராசுக்குப் பக்கத்தில் வைத்தால் வீண் வம்பு.

கடைசியாகக் கணக்கு. வாங்கிய விலையோடு வண்டிச் சத்தம், ஆசாரி கூலி, ஆணி, பூச்சு எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். புதிய தட்டின் விலையை நெருங்கினால் புதியதே லாபம். மாற்றி அமைத்த ஒவ்வொரு கலனிலும் இன்ன பொருளுக்கு உரியது என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். கடைப் பையன் மாறினாலும் அந்த எழுத்து மாறாது. நம்மை நம்பிச் சாமான் வாங்கும் குடும்பங்களுக்கு அதுவே பாதுகாப்பு.