எல்லையில் நிற்கும் மருந்துச் சீட்டு

ஒரு நாட்டின் மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு அந்நாட்டின் சட்ட எல்லைக்குள்தான் முழு அதிகாரம் உடையது; அயல்நாட்டு விமான நிலையத்தில் அது சான்றாக ஏற்கப்படலாமேயன்றித் தானாகவே அனுமதி ஆகிவிடாது. உரிமம் இன்றி எவரும் மருந்து இறக்குமதி செய்யக் கூடாது என்பதே பெரும்பாலான நாடுகளில் பொது விதியாக இருக்க, பயணி தம் சொந்தத் தேவைக்காகக் கொண்டுவரும் மருந்து ஒரு விலக்கின் பேரில்தான் உள்ளே விடப்படுகிறது என்பதால், அவ்விலக்கின் அளவும் நிபந்தனையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. மனநிலையையும் உறக்கத்தையும் பாதிக்கும் மருந்துகளைக் கட்டுப்படுத்த 1971-இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு, அவற்றைப் பயணிகள் சிறிதளவு எடுத்துச்செல்ல உறுப்பு நாடுகள் அனுமதிக்க இடம் தருகிறதே தவிர, அனுமதித்தே ஆக வேண்டும் எனக் கட்டாயப்படுத்தவில்லை.

சுங்கச் சோதனையில் பயணியின் நோயைவிட மாத்திரையில் அடங்கிய வேதிப்பொருளே முதலில் கருதப்படுகிறது. முதுகுவலிக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் தரப்படும் டிரமடால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓபியம் சார்ந்த வலிநிவாரணிகளைப் போலவே மூளையில் செயல்படும் இம்மருந்தை இந்தியா 2018-இல்தான் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. ஐக்கிய அரபு அமீரகத்துக்கோ டிரமடாலையும், சில இருமல் மருந்துகளில் கலந்திருக்கும் கோடீனையும் கொண்டுசெல்ல அந்நாட்டு அரசின் முன் அனுமதியை இணையவழியில் பெற்றாக வேண்டும். சிங்கப்பூரில் உறக்க மாத்திரை, பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை, கடும் வலிக்கான மாத்திரை ஆகியவற்றில் கட்டுப்பாட்டுக்குட்பட்ட பொருள் இருந்தால் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானின் கண்டிப்பு இவற்றையும் மிஞ்சியது: கவனக்குறைபாட்டுக்கு அமெரிக்காவில் வெகுவாக எழுதித் தரப்படும் ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரைகளை எந்த மருந்துச் சீட்டைக் காட்டியும் அங்கே கொண்டுசெல்ல முடியாது. டொயோட்டா நிறுவனத்தின் உயர் அதிகாரியாக இருந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர், தம் பெயருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பொட்டலத்தில் ஆக்சிகோடோன் எனும் வலிநிவாரணி இருந்ததற்காக 2015 ஜூனில் டோக்கியோவில் கைதானார். வழக்குத் தொடுக்கப்படாமலே விடுவிக்கப்பட்டார் எனினும் அதற்குள் பதவி விலகியிருந்தார்.

அளவைப் பொறுத்தவரை, ஜப்பான் சீட்டு மருந்துகளுக்கு ஒரு மாதத் தேவையையும், சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் மூன்று மாதத் தேவையையும் பொது வரம்பாகக் கொண்டுள்ளன. ஷெங்கன் உடன்பாட்டில் இணைந்த ஐரோப்பிய நாடுகளுக்கிடையே கட்டுப்பாட்டு மருந்துடன் பயணம் செய்வோருக்கு, 30 நாள் செல்லத்தக்க பொதுச் சான்றிதழ் ஒன்று வழக்கில் உள்ளது. இந்தியாவுக்குள் வருவோருக்கு 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 36-ஆவது விதி பொருந்துகிறது. அதன்படி மருந்து பயணியின் சொந்த உடைமையாகவும் அவருடைய பயன்பாட்டுக்கு மட்டுமே உரியதாகவும் இருக்க வேண்டும் என்பதோடு, எந்த ஒரு மருந்தும் சராசரியாக நூறு வேளைக்கு உரிய அளவைத் தாண்டக் கூடாது.

சொந்தப் பயன்பாடு என்னும் இந்நிபந்தனைதான் தமிழ்க் குடும்பங்களில் மிக எளிதாக மீறப்படுவது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ மாமனாருக்கோ ‘போகிற கையோடு’ மருந்து கொடுத்தனுப்புவது உறவின் இயல்பான கடமையாகக் கருதப்பட்டாலும், சட்டத்தின் பார்வையில் அது பிறருக்காகச் செய்யப்படும் இறக்குமதியாகவே முடியக்கூடும். துணைவரின் முதுகுவலிக்கென்று 290 டிரமடால் மாத்திரைகளுடன் 2017-இல் எகிப்தின் ஹுர்காடா விமான நிலையத்தில் இறங்கிய பிரித்தானியப் பெண் ஒருவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நோக்கத்தில் கள்ளம் இல்லை என்ற வாதம் அவரைக் காப்பாற்றவில்லை. அஞ்சலில் அனுப்பினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. பயணிக்கு உரிய விலக்கு பொட்டலத்துக்குப் பொருந்தாது. இந்தியாவில் அவ்வாறு மருந்து வரவழைக்க நோயாளியே மருந்துச் சீட்டுடன் 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 12பி படிவத்தில் அனுமதி பெற வேண்டும்.

ஆவணங்களில் கவனிக்கத்தக்கது பெயர். இந்திய மருந்துச் சீட்டுகளில் பெரும்பாலும் இடம்பெறும் வணிகப் பெயர் அயல்நாட்டு அதிகாரிக்கு எதையும் உணர்த்தாது என்பதால், மருந்தின் மூலப்பெயர், மாத்திரையின் வீரியம், ஒரு நாளைக்கு உட்கொள்ளும் அளவு, பயணியின் கடவுச்சீட்டில் உள்ளபடியான பெயர் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலக் கடிதம் ஒன்றை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவது நன்று. மருந்துக் கடைகளில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து நான்கைந்தாகத் தரும் வழக்கத்தில், பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடுவதுண்டு. பயணத்துக்கு முழு அட்டையாகவோ, பிரிக்காத பெட்டியாகவோ வாங்குவதே தக்கது. வாரநாள் குறித்த டப்பாக்களில் மாத்திரைகளைக் கலந்து எடுத்துச்செல்வது வீட்டுக்கு வசதி, சோதனை மேசையில் சங்கடம். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் தீங்கற்றவை என்று கேள்வியின்றிப் பையில் வைத்துவிட இயலாது. அவற்றுள் சிலவற்றில் பாதரசம் முதலிய உலோகங்கள் சேர்கின்றன, சிலவற்றில் கஞ்சாவும் ஒரு சரக்காக இடம்பெறுகிறது. இந்தியாவில் உரிமம் பெற்ற கூடத்தில் தயாரானது என்ற முத்திரை, கஞ்சாவை முற்றிலும் தடைசெய்த நாட்டில் எந்தப் பாதுகாப்பையும் தராது.