பல் வைத்தியத்தில் உழைச்செல்வார்

நோய் நீங்குவது வைத்தியன் ஒருவனாலேயே என்று கருதுவது உலக வழக்கு. பண்டைத் தமிழ் நூலோர் அவ்வாறு கருதினாரல்லர். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நாற்கூற்றதாக வகுக்கின்றது. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனோடு உழைச்செல்வான் என்னும் ஒருவனையும் அது சேர்த்து எண்ணுகின்றது. அருகிலிருந்து மருந்தினைப் பிழையாது இயற்றுபவனே உழைச்செல்வான். வடமொழி ஆயுள்வேத நூலாகிய சரக சங்கிதையும் இந்நான்கினையே மருத்துவத்தின் பாதங்களாகக் கூறும். நான்கு கால்களுள் ஒன்று குறையினும் கட்டில் நில்லாது என்பது யாவரும் அறிந்ததே.

உழைச்செல்வானுக்கு உரிய இயல்புகளாகப் பரிமேலழகர் நான்கினைக் குறிப்பர். நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன அவை. இந்நான்கும் ஒருங்கே வேண்டப்படும் தொழில்களுள் ஒன்று பல் வைத்திய உதவியாளரின் தொழிலாகும். ஆயினும், பல் நோய் தீர்ந்து வீடு திரும்புவோர் வைத்தியரின் பெயரை நினைவிற் கொள்வாரேயன்றி, அருகில் நின்றவரின் பெயரைக் கேட்டறிவார் அரியர். இத்தொழில் தோன்றியவாற்றையும் அதன் இயல்பினையும் நோக்கின், இம்மறதி எத்துணைத் தவறானது என்பது புலனாகும்.

மேனாடுகளில் முன்னாளிற் பல் பிடுங்குவோர் நாவிதரும் சந்தைகளில் வித்தை காட்டித் திரிவோருமாயிருந்தனர். அக்காலத்து உதவியாளனின் வேலை, நோயாளி திமிறாதபடி அவனை இறுகப் பிடித்துக்கொள்வதே. 1846 ஆம் ஆண்டில் உவில்லியம் மோற்றன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவியால் உணர்விழக்கச் செய்யும் முறையைப் பொஸ்ரன் நகரில் யாவரும் காணச் செய்து காட்டினார். அதன் பின்னர் வன்மையாற் பிடிக்கும் கைக்கு வேலை குறைந்தது. நுண்மையாகத் துணைபுரியும் கைக்குத் தேவை மிகுந்தது.

1885 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிற் பல் வைத்தியராயிருந்த சி. எட்மண்ட் கெல்ஸ் என்பவர் மல்வினா குவேரியா என்னும் பெண்ணைத் தம் உதவியாளராக அமர்த்தினார். அக்காலத்துப் பெண்கள் கணவனோ உறவினரோ உடன்வராது பல் வைத்தியரிடம் தனியே செல்லும் வழக்கம் இல்லை. வைத்தியசாலையில் ஒரு பெண் உளள் என்பது தெரிந்தபோது அத்தடை நீங்கியது. பெண் உதவியாளர் உள்ளார் என்னும் அறிவித்தலைப் பல் வைத்தியர்கள் தம் வாயிலில் வைக்கலாயினர். எனவே, கருவியை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னரே, நோயாளியின் அச்சத்தையும் கூச்சத்தையும் போக்கியதே இத்தொழிலின் முதற் பயனாயிற்று. உரையாசிரியர் அன்பினை முதற்கண் வைத்தமை ஈண்டு நினைக்கத் தக்கது.

இனி, தூய்மை என்பதனை நோக்குவோம். வாய் எண்ணிறந்த நுண்கிருமிகளின் உறைவிடம். ஒருவர் வாயிற் சென்ற கருவி மற்றொருவர் வாயிற் செல்லுமுன், அதனைக் கழுவி, உறையிலிட்டு, அழுத்த நீராவியில் வைத்தல் வேண்டும். 121 பாகை செல்சியசில் 15 நிமிடமும், 134 பாகையில் 3 நிமிடமும் அவ்வெப்பம் நிலைத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. இதனைச் செய்பவர் உதவியாளரே. வைத்தியரும் நோயாளியும் காணாத அறையில் இவ்வேலை நடைபெறுகின்றது. இரண்டு நிமிடம் குறைத்தால் அன்று எவரும் அறியார்; ஆனால், ஈரலைத் தாக்கும் நோய்க்கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லுதல் கூடும். காண்பாரில்லாத இடத்தும் நேர்மை வழுவாமையே மனத்தூய்மை எனப்படும். கருவிகளைக் கழுவும்போது கூரிய முனை குத்துமாயின் முதலில் ஆபத்துக்குள்ளாவாரும் அவரே.

சொல்லியவாறு செய்யும் வன்மை நாற்காலியருகிற் புலப்படும். வைத்தியர் ஒரு பக்கத்தும் உதவியாளர் மறுபக்கத்தும் அமர்ந்து, நான்கு கைகளாற் செய்யும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவலாயிற்று. உதவியாளர் ஒரு கையால் உமிழ்நீரை உறிஞ்சு குழாயினால் அகற்றுவார். மறு கையால் அடுத்த கருவியை, வைத்தியர் கேட்குமுன்னரே, அவர் கண்ணை எடாமற் பற்றும்வண்ணம் கொடுப்பார். பாதரசத்தை வெள்ளி, தகரம், செம்பு முதலியவற்றின் பொடியுடன் குழைத்துக் குழியை அடைக்கும் முறையில், அக்கலவை சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும். முந்திக் குழைத்தால் வீணாகும். பிந்திக் குழைத்தால் துளைத்த பல்லில் ஈரம் புகும். காலமறிந்து செய்தலே ஈண்டு வன்மை.

அறிவுடைமைக்குச் சான்று பதிவேடாகும். பற்களை இரண்டிலக்க எண்களாற் குறிக்கும் முறையில், 36 என்பது கீழ்த்தாடையின் இடப்பக்க முதற் கடைவாய்ப்பல்; 46 என்பது வலப்பக்கத்தது. வைத்தியர் 36 எனக் கூற உதவியாளர் 46 என எழுதின், நலமுள்ள பல்லொன்று பிடுங்கப்படலாம். பாற்பல் போயின் வேறு முளைக்கும். நிலைப்பல் போயின் மீளாது. ஆதலின், கேட்டதை எழுதுவதோடு அமையாது, ஐயுற்றவிடத்து வினவும் துணிவும் அவருக்கு வேண்டும்.

துணைநின்ற கைகளுக்கே பயிற்சியும் பொறுப்பும் அளித்தால் என்ன விளையும் என்பதை நியூசிலாந்து காட்டிற்று. முதலாம் உலகப்போரிற் படையிற் சேர வந்த இளைஞரின் பற்கள் பெரிதும் கெட்டிருந்தமையை அந்நாடு கண்டது. பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் போதிய வைத்தியர் இலர். 1921 ஆம் ஆண்டில், தோமஸ் ஹன்டர் என்பவரின் முயற்சியால், இளம்பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி உவெலிங்டன் நகரில் தொடங்கப்பெற்றது. பயிற்சி முடித்தோர் பாடசாலைப் பல் வைத்தியத் தாதியராகிப் பிள்ளைகளின் பற்களைத் தாமே அடைக்கவும் பிடுங்கவும் உரிமை பெற்றனர். இவர்கள் நாற்காலியருகு உதவியாளரின் வேறாய ஒரு வகுப்பினர். பிள்ளைகள் அச்சத்தினால் அத்தாதியரின் நிலையத்தைக் கொலைக்களம் என அழைத்தனராயினும், நாடு முழுவதும் அச்சேவை வேரூன்றியது. எனினும், புகழ்ந்தோர் ஊதியத்தை உயர்த்தினாரல்லர். 1974 ஆம் ஆண்டில் அத்தாதியர் தம் சீருடையோடு பாராளுமன்றம் நோக்கி ஊர்வலமாகச் சென்று முறையிட நேர்ந்தது.

இம்முறை நம் நாட்டிற்கும் வந்தது. 1950 ஆம் ஆண்டிற் கொழும்பிற் கூடிய மாநாட்டிலிருந்து தோன்றிய கொழும்புத் திட்டத்தின்கீழ், நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமவிற் பயிற்சி நிலையம் நிறுவப்பெற்றது. பாடசாலை வளவிலுள்ள சிறிய பல் வைத்திய நிலையங்களிற் பிள்ளைகளின் பற்களைக் காப்பவர்கள் அவ்வழியில் வந்தோரே. பல்வலியால் இரவு உறங்காத பிள்ளை மறுநாள் வகுப்பிற் பாடம் கேளான் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். ஆதலின், கல்விக்கும் இச்சேவைக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று.

தம்மைத் தாமே மதித்து ஒன்றுகூடியபோதே உதவியாளரின் நிலை உயரத் தொடங்கியது. ஜூலியற் சவுதாட் என்னும் நியூயோர்க் உதவியாளர் முன்னின்று உழைத்ததன் பயனாக, 1924 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் வைத்திய உதவியாளர் சங்கம் உருவாயிற்று. கல்வி, திறமை, பற்றுறுதி, சேவை என்பன அதன் குறிக்கோள்களாயின. பிரித்தானியாவில் 2008 ஆம் ஆண்டு முதல் பல் வைத்தியத் தாதியர் பதிவுபெற்றோராயிருத்தல் கட்டாயமாக்கப்பட்டது. பதிவு என்பது பொறுப்பும் மதிப்பும் ஒருங்கே அளிப்பது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒரு வாரம் உதவியாளரைப் பாராட்டுதற்கென ஒதுக்கப்படுகின்றது.

ஒரு வாரப் பாராட்டு நன்றே. ஆயினும் மாலையும் வாழ்த்துரையும் மட்டும் மதிப்பாகா. முறையான பயிற்சி, தக்க ஊதியம், நோய்த்தொற்றிலிருந்து காப்பு என்பனவே மெய்ம்மையான மதிப்பு. இவற்றை அளிப்பது அரசினதும் வைத்தியரதும் கடன். நோயாளியின் கடனோ மிக எளிது: நாற்காலியை விட்டு எழும்போது, அருகில் நின்றவரையும் பெயர் கூறி நன்றி சொல்லுதலே அது. உழைச்செல்வானை மருத்துவத்தின் ஒரு கூறாக எண்ணிய மொழியைப் பேசுவோர்க்கு இக்கடன் புதியதன்று, மறந்ததொன்றை நினைத்தலேயாகும்.