தீக்காயம்: இரத்தம் சொல்லும் செய்தி

2016 அக்டோபர் 25. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ மூண்டது. அங்கிருந்த 6 நோயாளிகள் உயிரிழந்தனர். ஜொகூர் மக்கள் எளிதில் மறக்க முடியாத நாள் அது.

இத்தகைய பெரிய விபத்துகளில் மட்டுமல்ல, வீட்டில் எரிவாயுத் தோம்பு கசிந்து தீப்பற்றினாலும், தீபாவளிப் பலகாரம் சுடும் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தாலும், மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் குடும்பம் கேட்பது ஒரே கேள்விதான்: "டாக்டர், பிழைத்து விடுவாரா?"

இதற்கு மருத்துவர்கள் எப்படி விடை தேடுகிறார்கள்?

முதலில் உடலில் எத்தனை விழுக்காடு வெந்திருக்கிறது என்று கணக்கிடுவார்கள். பெரியவர்களுக்கு ஒரு கை 9 விழுக்காடு, ஒரு கால் 18 விழுக்காடு. அந்த எண்ணோடு வயதைக் கூட்டிப் பார்க்கும் முறையை 1961இல் பிரான்ஸ் மருத்துவர் செர்ஜ் பௌ வகுத்தார். புகையைச் சுவாசித்திருந்தால் மேலும் 17 சேர்ப்பது பின்னர் வந்த திருத்தம். 30 வயதுக்காரருக்கு 40 விழுக்காடு காயம் என்றால் 70. புகையும் சேர்ந்தால் 87. எண் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

ஆனால், ஒரே வயது, ஒரே அளவு காயம் உள்ள இருவரில் ஒருவர் பிழைக்கிறார். மற்றவர் இறந்து போகிறார். தோலைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாததைச் சொல்ல இரத்தப் பரிசோதனை உதவுகிறது.

தண்ணீரைக் காக்கும் புரதம்

இரத்தத்தில் மிகுதியாக உள்ள புரதம் அல்புமின். கல்லீரல் இதைத் தயாரிக்கிறது. நலமாக உள்ளவருக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். இரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது இதன் முக்கிய வேலை.

கடுமையான தீக்காயம் பட்டதும் மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. அல்புமின் வெளியேறுகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. உடல் வீங்குகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது, சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. அதே வேளையில் கல்லீரலும் அல்புமின் தயாரிப்பைக் குறைத்து, சி-ரியாக்டிவ் புரதம் போன்ற அழற்சிப் புரதங்களை அதிகமாகச் சுரக்கிறது.

ஆகவே, அல்புமின் எவ்வளவு இறங்கியது என்பது உடலின் உள்ளே நடக்கும் போராட்டத்தைக் காட்டுகிறது. சேர்க்கப்படும்போதே அல்புமின் மிகக் குறைவாக உள்ளவர்களிடையே இறப்பு அதிகம் எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன. அமெரிக்காவில் டெக்சஸ் மாநில ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வயது, காயத்தின் அளவு, புகை ஆகியவற்றோடு இரத்தப் புரதங்களையும் சேர்த்துப் பார்த்தபோது கணிப்பு மேம்பட்டது.

தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை

எண் குறைந்துவிட்டது என்று குடும்பத்தார் மனம் உடைந்துவிடக் கூடாது. 60 கிலோ எடையும் 40 விழுக்காடு காயமும் உள்ளவருக்கு முதல் 24 மணி நேரத்தில் 9 லிட்டருக்கு மேல் திரவம் ஏற்ற வேண்டியிருக்கலாம். அதனாலும் இரத்தம் நீர்த்து அல்புமின் குறையும். கல்லீரல், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு முன்பே குறைவாக இருக்கலாம்; அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அல்புமினை ஊசி வழி ஏற்றினால் எண் உயரும். ஆனால், அதனாலேயே இறப்பு குறையும் என்பது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. யாருக்குக் கூடுதல் கண்காணிப்பு தேவை, யாரைச் சிறப்புத் தீக்காயப் பிரிவுக்கு விரைந்து அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க உதவுவதே இந்த எண்ணின் பயன்.

மருத்துவமனைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது நம் கையில் இருக்கிறது. வெந்த இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட விடுங்கள். பற்பசை, கிச்சாப், வெண்ணெய் எதையும் பூச வேண்டாம். காயம் பெரிதானால் உடனே 999 எண்ணை அழையுங்கள்.

இரத்தம் ஆபத்தை முன்கூட்டியே சொல்லும். அதைக் கேட்டுச் செயல்பட நேரம் வேண்டும். அந்த நேரத்தை வீணாக்காமல் இருப்பதே குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி.