தாத்தா வீட்டுச் சுவரில் ஏசி பாயின்ட்: உளியை எடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம் பக்கம் இன்னும் இப்படிச் சில வீடுகள் மிச்சம் இருக்கின்றன. வாசலில் திண்ணை, அதைத் தாண்டி ரேழி, நடுவில் முற்றம், ஒன்றரை அடி தடிமனில் சுவர். கூடத்துக்கு ஒரே ஒரு ஸ்விட்ச் போர்டு. அதுவும் ஆள் உயரத்தில், மரப்பலகை மேல், கறுப்பு சுவிட்சுகளோடு. ஓரத்தில் ஒரு 5 ஆம்ப் சாக்கெட். ரேடியோவுக்காக எப்போதோ வைத்தது.

அந்த வீட்டின் இன்றைய தலைமுறை பரனூர் மகேந்திரா சிட்டியிலோ சிறுசேரியிலோ வேலை பார்க்கிறது. வீட்டிலிருந்தே வேலை என்றால் லேப்டாப், மானிட்டர், ரவுட்டர். படுக்கையறைக்கு ஏசி, குளியலறைக்கு கீசர், வாசலில் ஸ்கூட்டருக்கு சார்ஜிங். வீடு மாமல்லபுரம் பக்கம் இருந்துவிட்டால் ஹோம்ஸ்டே யோசனையும் சேர்ந்துகொள்ளும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், "அஞ்சாறு பாயின்ட்தானே சார், ஒரே நாள்ல வெட்டி பைப் போட்டுடலாம்" என்பார்.

அப்பார்ட்மென்ட் சுவர் என்றால் அவர் சொல்வது சரிதான். ஆனால் இந்தச் சுவர் வேறு ரகம்.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

சிமென்ட் பரவலாவதற்கு முன் கட்டிய வீடுகளில் செங்கல்லைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புக் காரை. மேல்பூச்சும் அதுவே. சுண்ணாம்புக்கல்லையோ, கடலோரத்தில் கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீர் விட்டு நீற்றி, மணலோடு அரைத்துப் பூசுவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம் என்று கொத்தனாருக்குக் கொத்தனார் கைப்பக்குவம் மாறும். பூசியபின் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெதுவாக இழுத்து, மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே இறுகும். ஆனாலும் சிமென்ட் அளவுக்குக் கடினமாகாது. ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். கோடையில் அந்த வீடு குளிர்ச்சியாக இருப்பதற்குத் தடிமனோடு இதுவும் ஒரு காரணம். இந்த மாதிரி வீடுகளை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஈசிஆரில் முட்டுக்காடு தட்சிணசித்ரா போதும். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டி, 1996-ல் திறந்த அருங்காட்சியகம் அது.

யூடியூப் பார்த்து வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். 'பழைய வீட்டில் பிளக் பாயின்ட்' என்று தேடினால் வருவது பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் வீடியோக்கள். அங்கே பழைய வீடுகளின் உள்சுவர், மரச்சட்டத்தில் மெல்லிய மரப்பட்டிகளை இடைவெளி விட்டு ஆணியடித்து, அதன்மேல் காரை பூசியது. இடைவெளி வழியாகப் பின்பக்கம் பிதுங்கி இறுகிய காரைதான் மொத்தப் பூச்சையும் பிடித்து நிற்கிறது. உள்ளே வெற்றிடம் என்பதால் ஒரு சின்னச் சதுரம் அறுத்து, பெட்டியை நுழைத்து, மேலிருந்து வயரை இறக்கிவிடுகிறார்கள். நம் பக்கம் இதற்கு உறவு சொல்ல வேண்டுமானால் மூங்கில் பிளாச்சில் மண் அப்பிய படல் சுவரைத்தான் சொல்ல வேண்டும். 1897 நிலநடுக்கத்துக்குப் பிறகு அசாமில் பரவிய, நாணல் வைத்துப் பூசிய வீடுகளும் அந்த வகைதான். செங்கல்பட்டு வீட்டுச் சுவர் முழுக்கக் கெட்டி. அந்த வீடியோ வித்தை இங்கே செல்லாது.

ஒரு விஷயம் மட்டும் இரண்டுக்கும் பொது. பழைய காரைக்கு முதல் எதிரி அதிர்வு. ஹேமர் டிரில்லை வைத்து ஓரிடத்தில் இடித்தால், இரண்டடி தள்ளி பூச்சு செங்கல்லை விட்டுவிடும். அன்றைக்குத் தெரியாது, அடுத்த மழையில் பாளமாக வந்து விழும்.

முதலில் தட்டிப் பாருங்கள்

விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால் பாதி விஷயம் தெரிந்துவிடும். கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு ஒட்டியிருக்கிறது. 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அங்கே பூச்சு ஏற்கெனவே விட்டிருக்கிறது, கை வைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் நாணயத்தால் கீறிப் பாருங்கள். காரை என்றால் கீறல் விழும், சிமென்ட் என்றால் லேசில் விழாது. பிறகு ஒரே ஒரு சோதனைத் துளை. வெள்ளைத் தூள் வந்தால் சுண்ணாம்பு, சாம்பல் நிறம் என்றால் யாரோ இடையில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள், சிவப்பு என்றால் செங்கல். பழுப்பு மண் கொட்டினால் உஷார். வெளியே காரை, உள்ளே வெறும் மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர் அது. அதை நீளமாக வெட்டினால் செங்கல் தானாகவே கையோடு வரும்.

வெட்டியே ஆக வேண்டுமென்றால் எவ்வளவு வெட்டலாம்? சுமை தாங்கும் சுவர்களுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1905 இதற்குக் கணக்கு சொல்கிறது. மேலிருந்து கீழாக வெட்டினால் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்தைத் தாண்டக் கூடாது. படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. அதையும் முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது. 9 அங்குலச் சுவருக்கு இது முறையே 76, 38 மில்லிமீட்டர். பைப்புக்குத் தேவை அதைவிடக் குறைவுதான். சிக்கல் என்னவென்றால், உளிக்காரருக்கு அந்தக் கணக்கு தெரியாது, கைக்கு வந்தவரை போவார். கட்டிங் மெஷினால் இருபக்கமும் கோடு போட்டுவிட்டு, நடுவில் மட்டும் சின்ன உளியால் மெல்ல எடுப்பதுதான் இங்கே சரி. தூசி வீடு முழுக்கப் பறக்கும். மாஸ்க் போடாமல் யாரும் அந்த அறையில் நிற்க வேண்டாம்.

குறுக்கே சாய்வாக மட்டும் வெட்ட விடாதீர்கள். வயர் மிச்சமாகும் என்பார்கள். பத்து வருடம் கழித்து யாரோ படம் மாட்ட ஆணி அடிப்பார்கள். வயர் நேர்க்கோட்டில், போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ போனால்தான் அவர் கை தப்பும். மூடும் முன் அளவு டேப்பைச் சுவரில் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சிமென்ட் ஏன் கூடாது?

பெரும்பாலான பழைய சுவர்கள் கெடுவது வெட்டும்போது அல்ல, அடைக்கும்போது. பைப் போட்டதும் ஒரு சட்டி சிமென்ட் கலவையை அப்பிவிட்டுப் போவதுதான் வழக்கம். சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் பட்டை அந்த இடத்தில் மட்டும் வழியை அடைக்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம் அதன் ஓரங்களில் தேங்கும். ஈரத்தோடு வரும் உப்பு அங்கே படிகமாகிப் பருக்கும், பக்கத்துக் காரையைப் பொரித்துத் தள்ளும். இரண்டு மழைக்காலத்தில் சிமென்ட் பட்டை மட்டும் அப்படியே இருக்க, சுற்றிலும் காரை மாவாக உதிர்ந்திருக்கும். அந்த ஈரத்துக்கு நடுவில்தான் உங்கள் 16 ஆம்ப் சாக்கெட் இருக்கிறது.

உப்பு என்ன செய்யும் என்பதற்கு மாமல்லபுரத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கடற்கரைக் கோயில் கருங்கல். அதற்கே உப்புக் காற்று அரிப்பு. தொல்லியல் துறை காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, உள்ளே இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை செய்கிறது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் காரைச் சுவருக்குள் புதைத்த இரும்புப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துரு பிடித்தால் இரும்பு பருக்கும், பருத்தால் பூச்சு வெடிக்கும். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலுக்குப் பக்கத்து வீடுகளில் பிவிசி பெட்டி, பித்தளை அல்லது துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு என்பது ஆடம்பரம் இல்லை.

சுண்ணாம்பில் வெட்டியதைச் சுண்ணாம்பால்தான் அடைக்க வேண்டும். நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. ஓதம் ஏறும் இடமானால் கொஞ்சம் செங்கல் தூள் சேர்க்கலாம். பள்ளத்தை நனைத்துவிட்டு, ஒரே அடியாக நிரப்பாமல் இரண்டு மூன்று தடவையாக அப்பி, சில நாள் தண்ணீர் தெளித்து மெல்லக் காய விட வேண்டும். கடல் பக்கம்தானே என்று கரையிலிருந்து மணல் அள்ளி வரக் கூடாது. உப்பை நம் கையாலேயே சுவருக்குள் வைத்து மூடுவதற்குச் சமம் அது. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது சிரமம்தான். கிடைக்கிறவரை பாயின்ட் வேலையைத் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை.

வெட்டாமலே முடியாதா?

முடியும். பல வீடுகளுக்கு அதுதான் சரியான பதிலும்கூட. அந்தக் காலத்து எலக்ட்ரீஷியன் ஏன் மரப்பட்டி அடித்து, கிளிப் வைத்துச் சுவர்மேலேயே வயர் ஓட்டினார்? சுவரை உடைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அதே வழியில் பிவிசி கேசிங்கோ, கிளாம்ப் போட்ட பைப்போ ஓட்டலாம். கதவு நிலையின் ஓரம், உத்திரத்தின் அடி, சுவரும் தரையும் சேரும் இடத்துக்குச் சற்று மேல் என்று வழி பார்த்துப் போனால் கண்ணை உறுத்தாது. துளைகளைச் செங்கல்லில் போடாமல் காரை இணைப்பில் போட வேண்டும், ஹேமரை அணைத்துவிட்டு. பின்னாளில் பிடிக்கவில்லையா, கழற்றிவிட்டுத் துளையைக் காரையால் அடைத்துக்கொள்ளலாம். ஓட்டுக்கூரைக்குள் வயர் ஓட்டினால் மட்டும் பைப் இல்லாமல் விடக் கூடாது. எலியும் அணிலும் சும்மா இருக்காது.

'அழகாக இல்லையே' என்பதுதான் இதற்கு வரும் ஒரே எதிர்ப்பு. கெஃபேக்களில் செங்கல் சுவர்மேல் கறுப்பு பைப் ஓடுவதைப் போட்டோ எடுத்துப் போடும் தலைமுறைக்கு இது பெரிய பிரச்சினை இல்லை.

மூன்றாவது வயர் எங்கே?

சுவரைக் காப்பாற்றியாயிற்று. இனி உயிர் விஷயம். பழைய வயரிங்கில் பெரும்பாலும் இரண்டு வயர்தான், பேஸும் நியூட்ரலும். எர்த் கிடையாது. அதே வயரிலிருந்து புதிய மூன்று பின் சாக்கெட்டுக்குக் கொடுக்கச் சொன்னால், சிலர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். ஃபிரிட்ஜ் ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். என்றைக்காவது அந்த நியூட்ரல் வயர் நடுவில் விட்டுப்போனால், ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு யாராவது கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே புதிய பாயின்ட் என்றால் மெயின் போர்டிலிருந்தே தனி வயர், கூடவே எர்த் வயர், வெளியே முறையான எர்த் குழி. காய்ந்த கடற்கரை மணல் மின்சாரத்தை லேசில் உள்வாங்காது. உப்பு ஈரம் இருந்தால் உள்வாங்கும், ஆனால் இரும்பு பைப்பைத் தின்றுவிடும். செம்பு பூசிய கம்பியும், ஆழத்தில் நிரந்தர ஈரமும் வேண்டும். போட்டபின் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வயர் கனத்தையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்ப் பாயின்ட்டுக்கு 2.5, ஏசிக்கு 4 என்பது இங்கே பழகிய கணக்கு. மின்னோட்டம் இரட்டித்தால் வயரில் சூடு நான்கு மடங்காகும் என்பதால், ரேடியோவுக்குப் போட்ட வயரில் 2,000 வாட் கீசரை மாட்டுவது நெருப்போடு விளையாடுவதுதான். மொத்த லோடு கூடினால் இபியில் சொல்லி அனுமதித்த லோடையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வேலை செய்கிறவரிடம் வயர்மேன் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பிறகு ஆர்சிசிபி. எம்சிபி காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது இதுதான். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் 30 மில்லி ஆம்ப் வித்தியாசப்பட்டாலே கண் இமைக்கும் நேரத்துக்குள் துண்டித்துவிடும். 16 ஆம்ப் எம்சிபிக்கு அந்த 30 மில்லி ஆம்ப் தெரியவே தெரியாது. பழைய வீட்டில் இதை மாட்டினால் முதல் வாரமே அடிக்கடி விழும். "இது சும்மா தொல்லை பண்ணுது சார், எடுத்துடலாம்" என்ற யோசனை வரும். எடுக்கக் கூடாது. அது விழுவதற்குக் காரணம், சுவருக்குள் எங்கோ பழைய வயரின் உறை போய், ஓதம் வழியாக மின்சாரம் கசிவதாக இருக்கலாம். அத்தனை வருடமும் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கும், சொல்லத்தான் ஆள் இல்லை. மெகர் வைத்து ஒவ்வொரு லைனாக அளந்தால் எது என்று தெரிந்துவிடும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

மழைக்காலத்தில் இந்தக் கசிவுதான் ஆபத்து. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது சாரல் பட்டது போலப் படும் சுவர், வெளியே காய்ந்தாலும் உள்ளே நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். கரன்ட் வந்துவிட்டதே என்று ஏசியையும் மோட்டாரையும் உடனே போடாமல், நனைந்த சுவரிலுள்ள லைனை மட்டும் அணைத்து வைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். தண்ணீர் தேங்கும் தெரு என்றால், கடைசி வெள்ளத்தின் கறை சுவரில் எங்கே நின்றதோ அதற்கு மேலேதான் எந்த சாக்கெட்டும்.

ஆர்சிசிபியில் ஒரு சின்ன பட்டன் இருக்கும், 'டி' என்று எழுதியிருப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஈபி பில் கட்டும்போதாவது, அதை அழுத்திப் பார்க்க வேண்டும். 'டப்' என்று விழுந்தால் மறுபடி தூக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். விழவில்லை என்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனுக்கு போன்.